கறுப்புக்குப் பிறகு

அன்னக்கொடி கைப்பேசியை மேசைமேல் வைத்து, அதன் முகத்தை அல்போன்ஸ் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கண்ணே. நல்லாப் பாருங்க."

ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம். எச்சில் இலைக் குவியல், தண்ணீர் டிரம், கரி படிந்த சுவர். பட்டு வேட்டியில் மாப்பிள்ளை நிற்கிறான். எதிரே நீலச் சட்டை போட்ட ஒரு இளைஞன். மாப்பிள்ளை அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறான். அணைப்பு நீள்கிறது. நீலச் சட்டைக்காரனின் தலை மெல்ல மாப்பிள்ளையின் தோளில் சாய்கிறது. அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

"மாப்பிள்ளை எங்க வீட்டுக்காரரு. நீலச் சட்டை எங்கண்ணன் பூபாலன்" என்றாள்.

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து ஆயிரக்கணக்கான அணைப்புகளைப் பார்த்தவர் அல்போன்ஸ். ஆனால் அந்தச் சட்டம் வந்த பிறகு, திரையில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் அவர் முகங்களைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பார்.

"எங்க கல்யாணத்தன்னிக்குக் காலையில எடுத்தது. தாலி கட்றதுக்கு முன்னாடி. எங்கண்ணனுக்கு இவரப் புடிக்கல. இவரு தன்னோட தோல் ஷெட்டுல வேலை பாத்த ஒரு பையன அடிச்சே காலை முறிச்சவருன்னு கேள்விப்பட்டு, கல்யாணத்த நிறுத்தப் போறேன்னு கெளம்பினான். மண்டபத்துக்குப் பின்னாடி போனான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒருத்தரும் அவனப் பாக்கல. திருப்பூருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனான்னு இவரு சொன்னாரு."

"நீ நம்பினியாம்மா?"

"நம்பியிருந்தா பேசியிருப்பேனே. இருபது வருசமா அந்த மனுசனுக்குச் சோறு போட்டேன், துணி தொவச்சேன், ஒரு புள்ளையும் பெத்தேன். ஒரு வார்த்தை பேசல. எதுனாலும் மக தர்சினிகிட்டச் சொல்லுவேன், அவ போய்ச் சொல்லுவா." அவள் கைப்பேசியைத் தொட்டாள். அணைப்பு மறுபடி ஓடியது. "இப்ப அவளுக்குக் கல்யாணம். மண்டபத்துல போட்டுக்காட்ட எங்க கல்யாண வீடியோவும் வேணும்னு பழனி ரோட்டுல புதுக் கடையில குடுத்தா. அந்த மிஷின் தானாவே இதத் தோண்டி எடுத்துருக்கு. 'மறந்துபோன நிமிடம்'னு பேர் வேற வச்சு அனுப்பிச்சு. பாத்துட்டு நான் ஒரு நாள் பூரா அழுதேண்ணே. அன்னிக்கு அவருக்குத் தோசை வாத்துப் போட்டுட்டு, இன்னொண்ணு வேணுமான்னு கேட்டுட்டேன்."

"அவரு?"

"கையில எடுத்த தோசையக் கீழ வச்சுட்டாரு. வீடியோவக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"அழுவாருன்னு நெனச்சேன்."

வெளியே ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டு அடங்கியது. அன்னக்கொடி பைக்குள் கைவிட்டுக்கொண்டே சொன்னாள்: "இது துண்டா இருக்கு. முழுசா வேணும். கட்டிப்புடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் என்ன பேசினாங்க, அப்புறம் அவன் எந்தப் பக்கமாப் போனான். புதுக் கடையில, எங்க மிஷின் இவ்வளவுதான் தரும்னுட்டாங்க. அப்ப மிக்ஸிங் பண்ணது நீங்கதானாம்ல?"

"நான்தான். ஆனா அந்த ஹார்டு டிஸ்க்லாம் இப்ப எங்கம்மா இருக்கப் போவுது."

அவள் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். கறுப்பு டப்பா. அதன்மேல் அவருடைய கையெழுத்திலேயே மணமக்கள் பெயர், பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர்.

"கல்யாண ஆல்பத்தோட பீரோவுல வச்சிருந்தேன்" என்றாள்.

அல்போன்ஸ் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தன் தம்பி சேவியர் நினைவு வந்தது. பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ பரப்பிவிட்ட ஒரு வீடியோவை நம்பி, வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கூட்டம் அவனை அடித்துக் கொன்றது. அடித்ததையும் வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அது அம்மாவின் கைக்கும் வந்து சேர்ந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாடு முழுக்க அப்படிப் பலர் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. இனி விற்கிற எந்தக் கம்ப்யூட்டரும் போனும் டிவியும் தணிப்பான் என்ற சில்லு இல்லாமல் வரக்கூடாது. கடைத்தெருவில் அதற்குச் சாந்தசொரூபி என்று பெயர். எந்த வீடியோவில் எந்த அடி உதை வந்தாலும், கண்ணுக்குத் தெரிவதற்குள் அது மாற்றிவிடும். ஓங்கிய கை தட்டிக் கொடுக்கும். கத்தி பிடித்த கை வெறுங்கையாகும். குத்து, அணைப்பாகும்.

சட்டம் வந்தபோது அல்போன்ஸ் சந்தோஷப்பட்டார். பஸ் ஸ்டாண்டுகளில் யாரும் சாகவில்லை. புதுப் போனில் அம்மா அந்தப் பழைய வீடியோவை மறுபடி பார்த்தாள். ஊரே கூடி நின்று தன் மகனைத் தட்டிக் கொடுப்பதைப் பார்த்துச் சிரித்தாள். சாகும்வரை அதைப் பார்த்தாள். அவளுடைய கண்ணைத் திறக்கிற மிஷின் அல்போன்ஸிடம் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

"என்னண்ணே யோசனை? முடியாதா?"

"முடியும்" என்றார். சொன்ன பிறகுதான், முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

டிஸ்க்கைச் செருகினார். பிறகு கம்ப்யூட்டரின் பின்பக்கம் கைவிட்டு, அங்கே செருகியிருந்த, பென் டிரைவ் போன்ற சுண்டுவிரல் அளவுச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்தச் சாவி இருந்தால்தான் கண் திறக்கும். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஜில்லாவிலேயே உயிரோடு இருந்த சாவி அது ஒன்றுதான். இரண்டு முறை உள்ளே பற்றவைத்து அதைக் காப்பாற்றியிருந்தார்.

"இது புது மிஷின் மாதிரில இருக்கு" என்றாள் அன்னக்கொடி.

"மிஷின் புதுசுதான். பழைய மிஷினெல்லாம் செத்துப்போச்சு. சாஃப்ட்வேர்தான் பழசு. புது மிஷின்ல இருக்கோம்னு தெரிஞ்சா அது ஓடாது. அதனால புது மிஷினுக்குள்ள பழைய மிஷின் மாதிரி ஒரு கூடு கட்டி, அதுக்குள்ள இத உக்கார வச்சிருக்கேன்."

"ஏமாத்துறீங்க."

"ஆமா. தேதியக்கூட மாத்திச் சொல்லி வச்சிருக்கேன். உள்ள இன்னும் உன் கல்யாண வருசம்தான் நடக்குது."

அவள் திரையின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப உள்ள எங்கண்ணன் இருக்கான்."

அல்போன்ஸ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"புதுக் கடையில ஏன் முழுசா வரல?"

"வால்ல கெடந்திருக்கும். மிக்ஸிங்காரங்க எவனும் வேண்டாத ஷாட்ட அழிக்க மாட்டான். படம் முடிஞ்சதும் கொஞ்சம் கறுப்பு விட்டு, அதுக்குப் பின்னாடி எல்லாத்தையும் தள்ளி வைப்போம். கேசட்ட வாங்கிட்டுப் போனவன் மறுநாளே வந்து, எங்க பெரியப்பா எங்கடான்னு சண்டைக்கு நிப்பானே. அப்ப வால்லேர்ந்து பெரியப்பாவ எடுத்து ஒட்டிக் குடுப்போம். அந்த வால முழுசா யாரும் உக்காந்து பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல. புது மிஷினு கறுப்பு வந்ததும் படம் முடிஞ்சதுன்னு நெனச்சுக்கும். கறுப்பத் தாண்டி அதுக்குப் புடிச்ச ஒரு துண்ட மட்டும் பொறுக்கிட்டு வந்துருக்கு."

சாஃப்ட்வேர் திறந்தது. சாம்பல் நிறக் கட்டங்கள், கீழே நீளமான பட்டை. இந்தக் கிழட்டு சாஃப்ட்வேருக்குத் தணிப்பான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் காலத்தில் அது இல்லை. ஆகவே படத்தை அந்தச் சில்லிடம் கொடுக்காமல், ஒவ்வொரு புள்ளியாகத் தானே வரைந்துவிடும். அல்போன்ஸ் இதை யாரிடமும் விளம்பரப்படுத்தியதில்லை. சில வக்கீல்களுக்குத் தெரியும். போலீசுக்கும் தெரியும்.

தாலி கட்டும் காட்சியைத் தாண்டினார். சாப்பாட்டுப் பந்தி, வழியனுப்பு, இரண்டு புறா பறந்து வந்து நன்றி சொல்லும் முடிவு. அதன் பிறகு கறுப்பு. கறுப்பைத் தாண்டி வால்.

எங்கோ டிரைபாடில் வைத்து அணைக்க மறந்த இரண்டாவது கேமரா. அதே சுவர், அதே இலைக் குவியல். நீலச் சட்டை வந்து நின்றான். மாப்பிள்ளை வீரபுத்திரன் வந்தான். பேச்சு நாதஸ்வரத்தில் அமுங்கிப்போயிருந்தது. பூபாலன் விரலை நீட்டி ஏதோ சொன்னான். வீரபுத்திரன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு இடது கையால் பூபாலனின் பிடரியைப் பிடித்து இழுத்தான். வலது கையில் தோல் வெட்டுகிற கத்தி இருந்தது.

முதல் குத்து வயிற்றில். கத்தியை உள்ளே வைத்தபடியே மேல்நோக்கி இழுத்தான், தோலைக் கிழிக்கிற பழக்கத்தில். நீலச் சட்டை அங்கிருந்து கறுக்கத் தொடங்கியது. பூபாலனின் கைகள் மாப்பிள்ளையின் முதுகைப் பிடித்தன, விழாமல் இருப்பதற்காக. மறுபடி குத்தினான். மறுபடியும். பூபாலனின் வாய் திறந்து, அதிலிருந்து வந்தது பட்டுச் சட்டையின் மார்பில் கொட்டியது. தலை தோளில் சாய்ந்தது. அது சாய்ந்த பிறகும் வீரபுத்திரன் பிடியை விடவில்லை. குழந்தையைத் தூங்க வைப்பவனைப்போல, துள்ளல் அடங்கும்வரை அணைத்தபடியே நின்றான். பிறகு எச்சில் இலைகளின்மேல் கிடத்தி, மேலும் இலைகளை அள்ளிப் போட்டான். ஷெட் ஆட்கள் இரண்டு பேர் குப்பை வண்டியோடு வந்தார்கள். இலைகளோடு சேர்த்து அள்ளினார்கள். வீரபுத்திரன் டிரம்மில் கை கழுவி, விரல்களை முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினான். கொடியில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து மார்பை மூடிப் போர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

அல்போன்ஸ் நிறுத்தினார். காதுக்குள் ஏதோ இரைந்தது. பல வருடங்களாக அவர் கண்ணும் இரத்தம் பார்க்காமல் பழகியிருந்தது.

"என்னண்ணே?"

"ஃபைல் கெட்டுப்போச்சும்மா. கோடு கோடா வருது."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "எங்கண்ணனும் பொய் சொன்னா இப்படித்தான், காதத் தொட்டுக்குவான்" என்றாள்.

அவர் கை காதில் இருந்தது.

"திருப்புங்க."

"வேண்டாந்தங்கச்சி. அந்தப் போன்ல இருக்கறதே போதும். உனக்கும் உன் மகளுக்கும் அது போதும். நான் சொல்றதக் கேளு."

"உங்க தங்கச்சிக்குன்னா போதும்னு விட்டுருவீங்களா?"

அம்மாவின் சிரித்த முகம் அவர் முன்னால் வந்தது. எழுந்து, திரையை இரண்டு கைகளாலும் பிடித்து அவள் பக்கம் திருப்பினார்.

அவள் முழுவதையும் பார்த்தாள். "மறுபடி" என்றாள். பார்த்தாள். மூன்றாவது முறை, வீரபுத்திரன் துண்டைப் போர்த்துகிற இடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"மணவறையில இந்தத் துண்டப் போத்திக்கிட்டுத்தான் வந்து உக்காந்தாரு. வைகாசி மாசம். குளிருதான்னு கேட்டேன். ஆமான்னாரு."

அல்போன்ஸுக்கு நினைவிருந்தது. அந்தத் துண்டின்மேல்தான் அவர் மிக்ஸிங்கில் ரோஜா இதழ்களை மழையாக விட்டிருந்தார்.

"அந்தக் கையாலதான்..." என்று தொடங்கினாள். கழுத்துக்குப் போன கை பாதியில் நின்றது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"தர்சினி சொன்னா, அம்மா மிக்ஸிங் கடைக்குப் போயிருக்குன்னு" என்றபடி வீரபுத்திரன் உள்ளே வந்தான். தலை நரைத்திருந்தது. தோள் அப்படியே இருந்தது. "இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. அதுக்குள்ள ஊர் சுத்தவும் ஆரம்பிச்சுட்டா பாத்தியா அல்போன்சு."

அல்போன்ஸின் கை தானாகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ச் சாவியைப் பிடுங்கியது. திரையில் நின்றிருந்த படம் மட்டும் அணையாமல் நின்றது. வீரபுத்திரன் அதைப் பார்த்தான். அருகில் வந்து, குனிந்து, ஒரு பழைய போட்டோவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இப்படியா இருந்துச்சு?" என்றான். குரலில் நிஜமான ஆச்சரியம். "நம்ப மாட்டய்யா, எனக்கே மறந்துபோச்சு. ஒரு மாசமா அந்தப் போன்ல இருக்கறதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மச்சானக் கட்டிப்புடிச்சேன்னே மனசுல படிஞ்சுபோச்சு. நேத்துக் கனவுல வந்தான். நல்லாப் பேசினான்."

"எங்க போட்டீங்க அவன?" அன்னக்கொடி கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப."

"எங்க போட்டீங்க?"

"தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டியில. பிரயோசனம் உண்டா இப்ப இதக் கேட்டு? பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்." அவன் திரும்பி ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினான். கடை பாதி இருட்டியது. "அந்தச் சாவியக் குடு அல்போன்சு. அதில்லாட்டி இந்த எழவு எங்கயும் ஓடாதாம்ல. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"தர முடியாது."

"ஒஞ்சாவிதான. ஒங்கையோடயே எடுத்துக்கறேன்."

அவன் அல்போன்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்து மேசையில் ஒருமுறை முகத்தை மோதினான். மூக்கு உடைகிற சத்தம் அல்போன்ஸுக்கு உள்ளிருந்து கேட்டது. தரையில் இழுத்துக்கொண்டு போய், சாவி பொதிந்த வலது கையை வாசல்படியில் வைத்து மணிக்கட்டை மிதித்துக்கொண்டான். "திற." அல்போன்ஸ் திறக்கவில்லை. ஷட்டரைத் தலைக்கு மேலே ஏற்றி, முழு வேகத்தில் கீழே இழுத்தான்.

வலி முதலில் வெளிச்சமாகத்தான் வந்தது. பிறகுதான் அலறல். ஷட்டர் ஏறியது. "தொறக்கறானா பாரு. கெட்டிக்காரன்." மறுபடி இறங்கியது. இந்த முறை எலும்புகள் நொறுங்குவதைக் கையால் அல்ல, பல்லால் உணர்ந்தார். நகம் ஒன்று படியில் தனியாகக் கிடந்தது. கடையின் மூலையில், அவர் பத்து வருடமாக மாற்றாத பழைய கேமராவின் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

ஷட்டர் மூன்றாவது முறை ஏறியபோது இறங்கவில்லை.

அன்னக்கொடி இரும்பு டிரைபாடைக் கால்கள் மடங்கியபடியே இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அதன் தலை வீரபுத்திரனின் பின்மண்டையில் இறங்கியது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "அன்னம்..." என்றான், ஏதோ கேட்கப் போகிறவனைப்போல. அடுத்தது நெற்றியில் விழுந்தது. அவன் முழங்காலிட்டு, பிறகு பக்கவாட்டில் சரிந்தான்.

அதோடு நின்றிருந்தால் கதை வேறு.

அவள் நிற்கவில்லை. அழவில்லை, திட்டவில்லை. துணி துவைப்பதுபோல ஒரே சீராக, ஓங்கி, இறக்கி, ஓங்கி. முகம் முகமாக இல்லாமல் போனது. ஒரு கட்டத்தில் டிரைபாடின் தலை கழன்று உருண்டு அல்போன்ஸின் காலடியில் வந்து நின்றது. அவள் மிச்சமிருந்த தண்டால் இன்னும் இரண்டு முறை அடித்தாள். பிறகு மேசைக்குத் திரும்பி, முந்தானையால் திரையைத் துடைத்தாள். அதில் தெறித்திருந்தது.

*

அரசு ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த அல்போன்ஸின் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஜமீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உங்க கடைக் கேமரா ரெக்கார்டிங். தணிப்பான் முத்திரையோட. பாருங்க."

வீரபுத்திரன் சிரித்தபடி கடைக்குள் வருகிறான். அல்போன்ஸை அணைத்துக்கொள்கிறான். இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து கை கோத்துக்கொள்கிறார்கள். அன்னக்கொடி பின்னால் வந்து கணவனின் தலையை வருடிவிடுகிறாள். வருடிக்கொண்டே இருக்கிறாள். அவன் அசதியாகப் படுத்துத் தூங்கிவிடுகிறான்.

"பொணத்துக்கு மண்டையே இல்ல. இதுல தூங்குறாரு" என்றார் ஜமீலா. "முத்திரை விழுந்த வீடியோ ஒண்ணு இருந்தா, அதுக்கு எதிரா கோர்ட்டுல வேற சாட்சி எடுபடாது. என் சர்வீஸ்ல எத்தனை கொலைகாரன் கட்டிப்புடிச்சுட்டு வெளிய போயிருக்கான் தெரியுமா சார்?"

"என்ன செய்யணும் மேடம்?"

"பழைய சாஃப்ட்வேர்ல ஓட்டிக் காட்டினா ஜட்ஜ் தனி அனுமதி குடுப்பாரு. முன்னாடி சில கேஸ்ல குடுத்திருக்காங்க. ஆனா ஓட்ட ஆள் இல்ல. நீங்க ஒருத்தர்தான் மிச்சம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா என்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாங்க. எங்கண்ணன் திருப்பூருக்குப் போகலன்னு. அந்த டிஸ்க்கும் என்கிட்டதான் இருக்கு. ஓட்டினா பூபாலனுக்கு நியாயம் கெடைக்கும். செத்துட்டான்னாவது எழுதலாம்."

"கடைக் கேமராவும் ஓடும்."

"ஓடும். அனுமதி வாங்கினா ரெண்டையும்தான் ஓட்டணும்."

"தற்காப்புன்னு சொல்ல முடியாதா மேடம்? என்னைய அடிச்சுக்கிட்டிருந்தாரு."

"முதல் அடி தற்காப்பு." ஜமீலா அவரையே பார்த்தார். "அப்புறம்?"

வார்டில் யாரோ இருமினார்கள். அல்போன்ஸ் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணுக்குள் பூபாலன் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் என்ன சொன்னான் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓட்டினால், சொல்ல வந்தான் என்பதாவது தெரியும். ஓட்டாவிட்டால், அவனைக் கொன்றவன் அவனை என்றென்றைக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டே இருப்பான்.

"சாவி நசுங்கிப்போச்சு மேடம்" என்றார். "ஷட்டர்ல. அந்த சாஃப்ட்வேர் இனி ஓடாது."

"அப்ப வீரபுத்திரன்?"

"பரண் சரிஞ்சு மேல விழுந்துருச்சு. பழைய மிஷினெல்லாம் மேலதான் போட்டு வச்சிருந்தேன்."

ஜமீலா எழுந்தார். நம்பியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை, நம்பாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. டேப்லெட்டை அணைக்கும் முன் ஒருமுறை அதைப் பார்த்தார். "நல்ல குடும்பம்" என்றார்.

அவர் போன பிறகு அல்போன்ஸ் இடது கையால் தலையணைக்கு அடியில் தடவினார். டாக்டர் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தது அங்கேதான் இருந்தது. சுற்றியிருந்த விரல்கள்தான் உடைந்திருந்தன. உள்ளே இருந்தது உடையவில்லை.

*

தள்ளிப்போன கல்யாணம் ஆவணியில் நடந்தது. மண்டபத்தின் பெரிய திரையில் தர்ஷினி தன் அப்பாவுக்காக ஒரு படம் போட்டாள். பட்டு வேட்டியில் அப்பா, பார்த்தேயிராத மாமாவை அணைத்துக்கொள்கிறார். பிறகு கடைசி நாள். போலீசிடம் கேட்டு வாங்கியிருந்தாள். அப்பா ஒரு நண்பரோடு கை கோத்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவர் தலையை வருடுகிறாள். அப்பா தூங்குகிறார். மண்டபம் மூக்கை உறிஞ்சியது. அப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார்.

முன்வரிசையில் அன்னக்கொடி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அல்போன்ஸ்.

மணக்கோலத்தில் தர்ஷினி இறங்கி வந்தாள். "அங்கிள், அப்பா கடைசியாக் கையப் புடிச்சது உங்களத்தானே?"

"ஆமாம்மா."

"எப்படி இருந்துச்சு அங்கிள்?"

அல்போன்ஸ் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். விரல்கள் ஆளுக்கொரு திசையில் கோணியிருந்தன. "இறுக்கமா இருந்துச்சு" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். அல்போன்ஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அன்னக்கொடியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அது என்னவென்று கேட்கவில்லை.

"மிஷின் இன்னும் இருக்கு. கூடு கலைக்கல" என்றார். "எப்ப வந்தாலும் ஓடும். யாரக் கூட்டிட்டு வந்தாலும்."

"உள்ள இன்னும் அந்த வருசம்தானாண்ணே?"

"அந்த வருசம்தான்."

அவள் சாவியை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்தாள். நாதஸ்வரம் வேகமெடுத்தது. கெட்டி மேளம் என்று யாரோ கையை உயர்த்தப் போனார்கள். மணவறையில் மாப்பிள்ளைப் பையன் சரிகைத் துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தான்.

அன்னக்கொடி எழுந்தாள். தாலி முடியும்வரை அவள் மேடைப் பக்கம் வரக்கூடாது என்று நினைத்திருந்த உறவுக்காரப் பெண்கள் வாய் பிளந்து பார்க்க, படியேறி மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள்.

"குளிருதா தம்பி?"

பையன் விழித்தான். "இல்லத்தை. போட்டோகிராஃபர்தான் போட்டுக்கச் சொன்னாரு."

அவள் குனிந்து, துண்டின் முனையைப் பிடித்து, அவன் மார்பிலிருந்து மெதுவாக விலக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பட்டு. மஞ்சள் தூள் லேசாக ஒட்டியிருந்தது. வேறெதுவும் இல்லை.

துண்டை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.